கோடு போடாத அருவி

ஜூன் 9
வாரும் டைரியே, சௌக்கியமா? உரக்கடையில் தந்த நாளிலிருந்து அலமாரியில் கிடந்தீர், விசாரிக்க நேரமில்லை. இப்போது வீட்டில் என் கதை கேட்க ஆளில்லை, உம்மைப் பிடித்திருக்கிறேன். என் வீட்டுக்காரி ஜெயசித்ரா, அவள் அப்பா செத்த காரியத்துக்குக் கடையம் போனவள்தான். மாதம் இரண்டாகிறது. ஆட்டோவைக் கொண்டு வரவா என்று கேட்டால், "இப்ப வேண்டாம்" என்கிறாள்.

ஜூன் 12
சாரல் விழுந்துவிட்டது. போனில் சொன்னேன்: "ஏட்டி, அஞ்சருவியில தண்ணி கொட்டுது. வந்து ஒரு குளி குளி." சென்னைக்காரர் ஒருத்தரின் சோப்பைக் குரங்கு கடித்துவிட்டு முழித்த கதையையும் சொன்னேன். "வச்சிருதேன்" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 13
கதையில் என்ன குறை? குரங்கு நல்ல குரங்கு.

ஜூன் 17
குற்றாலத்தில் லாட்ஜ் வாசலில் சவாரிக்குக் காத்திருந்தேன். லாட்ஜைப் பார்க்கிறவர் ஹுஸைஃபா தம்பி, கடையநல்லூர்ப் பிள்ளை, சென்னையில் ஓவியம் படித்தவர். உள்ளே ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்தது. செப்புத் தகட்டில் கீறி, மை தடவி, தாளை வைத்து அமுக்கி எடுத்ததாம். நம்ம பெரிய அருவிதான். அடியில் எறும்பு போல இரண்டு பேர்.

"மனுசரை ஏன் இம்புட்டூண்டு போட்டிருக்கான்? மை தீந்துட்டா?"

"ஆளு பெருசா இருந்தா அருவி சிறுத்துரும் அண்ணாச்சி."

லென்ஸைக் கையில் கொடுத்தார். பாறையெல்லாம் கோடு. இருட்டு வேண்டிய இடத்தில் கோட்டின் மேல் குறுக்குக் கோடு, பாய் பின்னின மாதிரி. மரத்துக்குக் குட்டிக் குட்டி வளைவு.

"தண்ணிக்கு எந்தக் கோடுன்னு காட்டுங்க, பாப்போம்."

தேடினேன். ஓரத்தில் மயிரிழை போல இரண்டு. நடுவில் ஒன்றுமில்லை, வெறும் தாள்.

"அங்கன தகட்டைத் தொடவே இல்ல. சுத்திக் கீறிட்டு அதை மட்டும் விட்டுட்டான். விட்ட இடந்தான் கொட்டுது."

சவாரி வந்துவிட்டது. புளியங்குடி எலுமிச்சை வியாபாரி. வழியெல்லாம் நான் பேசவில்லை. "உடம்புக்கு முடியலையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஜூன் 18
போன் போட்டேன். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு கஷ்டம்! அங்கே கோழி கொக்கரித்தது. வைத்துவிட்டாளோ? இல்லை, மூச்சு கேட்டது.

"அப்பா கேட்டாருங்க," என்றாள். "போன சீசன்ல. என்னைய அஞ்சருவிக்குக் கூட்டிட்டுப் போ தாயின்னு. சளி புடிக்கும், சும்மா கெடங்கன்னு ஏசிட்டேன்."

அழுதாள். அய்யோ, நான் அந்த அருவியைச் சொல்லித்தானே வா வான்னு கூப்பிட்டேன்! எனக்கென்ன தெரியும்? அவ சொல்ல நான் எங்க விட்டேன்?

போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

ஜூன் 21
இன்று அவளே கூப்பிட்டாள். அப்பா பேச்சுதான். கேட்டேன்.

ஜூலை 2
ஜெயசித்ரா வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. ஆட்டோவுக்கு இன்று லீவு. டைரியே, நேற்று செங்கோட்டையில் ஒருத்தர் ஏறினார். பைக்குள் ஒற்றைச் செருப்பு மட்டும் வைத்திருந்தார். ஏனென்று கேட்டதற்கு அவர் சொன்னது பெரிய கதை, அதாவது அவருடைய மச்சான் — கூப்பிடுகிறாள். "ஏங்க, வாரீயளா இல்லையா? அப்பா துண்டையும் எடுத்து வச்சிட்டேன். கூட்டம் சேருததுக்குள்ள அஞ்சருவிக்குப் போயிரணும்." இந்தா வாரேன் தாயி, இந்த மச்சானை மட்டும்