டிபன் டப்பாவுக்குள் ஒரு ஃப்ளாப்பி

மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது எலுமிச்சை வாசனைதான். ஏழு வருஷமாக பீரோவில் பூட்டிக் கிடந்த எவர்சில்வர் டப்பாவில் எலுமிச்சை வாசனை எப்படி இருக்கும் என்று கேட்காதே. இருந்தது, இல்லையென்றால் இருப்பதாக என் மூக்கு முடிவு செய்துகொண்டது. உள்ளே கைக்குட்டையில் சுற்றிய கறுப்பு ஃப்ளாப்பி. அதன் லேபிளில் உன் கோணல் எழுத்து: "யாரும் தொடாதீங்க. போர் நடக்குது."

இன்று எடுக்காவிட்டால் இனி எடுத்துப் பயனில்லை. நம் கம்ப்யூட்டர் சென்டரை வேங்கிக்காலுக்கு மாற்றுகிறார்கள். புது இடத்துக்கு வரும் புது மெஷின்களில் ஃப்ளாப்பி போடும் வாயே கிடையாது. நாம் இருவரும் மாற்றி மாற்றி உட்கார்ந்த அந்த ஜன்னலோர மெஷின் ஒன்றுதான் பழசில் மிச்சம். அதையும் மூன்று மணிக்குப் பழைய சாமான்காரர் எடுத்துப்போவார் என்று முதலாளி சொல்லிவிட்டார். காலை பத்து மணிக்கே டப்பாவோடு அதன் எதிரில் போய் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேனே தவிர, ஃப்ளாப்பியைப் போடவில்லை. காஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு திரும்பிப் பார்க்கிறவள் நான். உனக்குத் தெரியாததா? உள்ளே பூஞ்சை பிடித்திருக்குமோ, மெஷின் அதைச் சுரண்டித் தின்றுவிடுமோ, எல்லாம் அழிந்திருக்குமோ என்று ஒரு பயம். அழியாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம்.

நாம் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரே மாதத்தில். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் எட்டு மெஷின், இரண்டு டீச்சர். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் நீ கதவைச் சாத்திவிட்டு, யாரோ ஒரு மாணவன் விட்டுப்போன அந்த ஆட்டத்தைத் திறப்பாய். நான்கு பேர் ஊர் ஊராக நடப்பார்கள். குகைக்குள் பூதம் வரும். நம் ஆள் ஒரு அடி அடித்தால், பூதம் ஒரு அடி அடிக்கும். அதுவரை கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் அடித்துப் பிடித்து ஓடுவது, சுடுவது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வேகம் என் நெஞ்சுக்கு ஆகாது. இதில் மட்டும்தான் நான் யோசித்து முடிக்கும்வரை எதிரி கத்தியை ஓங்கியபடியே நின்றான். ஒரு மணி நேரம் யோசித்தாலும் நின்றான். உலகத்தில் வேறு யாரும் எனக்காக அப்படி நின்றதில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான், இன்னும் தெளியவில்லை.

அந்த ஆட்டத்தை நான் முடித்தபோது என் பையில் காயம் ஆற்றும் மருந்துக் குப்பிகள் நாற்பத்திரண்டு மிச்சம் இருந்தன. பின்னால் எதற்காவது தேவைப்படும் என்று ஒன்றைக்கூடத் தொடவில்லை. கடைசிப் பூதத்தோடு என் ஆட்கள் குற்றுயிரும் குலையுயிருமாகத்தான் சண்டை போட்டார்கள். நீ திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய்.

"இன்னாடி இது? ஆட்டமே முடிஞ்சுபோச்சு. இத்தனையும் எந்த ஜாடில ஊறப் போடப் போற?"

நீ முதல் குகையிலேயே எல்லாக் குப்பியையும் காலி செய்துவிட்டு, கடைசிக் குகைக்கு வெறுங்கையோடு போய், சிரித்துக்கொண்டே தோற்று, மறுபடி போனவள்.

அப்புறம்தான் பெரிய ஆட்டம் வந்தது. கட்டம் கட்டமாக ஒரு தேசப்படம். உனக்குச் சிவப்பு, எனக்கு நீலம். நகரம் கட்டணும், படை திரட்டணும், ஒருவர் மாற்றி ஒருவர் நகர்த்தணும். உன் முறையை முடித்து ஃப்ளாப்பியில் பதித்துக் கொடுத்தால், நான் திறக்கும்போது நீலக் கொடி பறக்கும். கொடிக்குக் கீழே என் ரகசியச் சொல்லைக் கேட்கும். என் முறை முடிந்தால் உனக்குச் சிவப்புக் கொடி. அடுத்தவர் படை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. உன் சொல்லை நான் கேட்டதும் இல்லை, நீ சொன்னதும் இல்லை.

உனக்குக் கல்யாணமாகி அடி அண்ணாமலைக்குப் போனபோது ஆட்டம் எழுபதாவது முறையில் நின்றது. நான் அழுதேன். வேலையை விட்டுவிட்டுப் போகிறாயே என்றுதான் அழுவதாக எல்லோரும் நினைத்தார்கள். அதுவும்தான். நீ போகும்போது சென்டரில் கழித்துப் போட்ட ஒரு மெஷினை முதலாளியிடம் கேட்டு வாங்கி, புது மாப்பிள்ளையின் டிவிஎஸ் ஐம்பதில் பழைய புடவையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனாய். கிரிவலப் பாதையில் உங்கள் கடை. சோடா, தண்ணி, எலுமிச்சை ஜூஸ். உன் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன், தினமும் எலுமிச்சை வாங்க டவுனுக்கு வருவார். மூட்டையோடு ஃப்ளாப்பியும் வரும். வெயில் படும், காந்தம் படும், பாக்கெட்டில் வளையும் என்று நான் பயந்ததால் நீ அதை டிபன் டப்பாவில் போட்டு அனுப்பினாய். படியேறி வந்து அவர் டப்பாவை நீட்டுவார். ஃப்ளாப்பி அவர் வாயில் பிளேட்டு.

"இந்தாங்கம்மா, உங்க பிளேட்டு. சீக்கிரம் போட்டுக் குடுப்பீங்களாம். நாளைக்குக் கண்டிப்பா வேணும்னு ஒரே ரகளை."

நாளைக்கு எங்கே கொடுத்தேன்? நீ பத்து நிமிஷத்தில் போடும் முறையை நான் மூன்று நாள் வைத்திருந்தேன். ஒரு குதிரைப் படையை ஆற்றைத் தாண்டி நகர்த்தலாமா என்று பஸ்ஸில் யோசித்தேன், ரசம் கொதிக்கும்போது யோசித்தேன். பௌர்ணமி வந்தால் உங்கள் பாதையில் வண்டி ஓடாது. அன்றைக்கு நானே ஃப்ளாப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிரிவலம் நடப்பேன். பாதி வழிக்கு மேல் நடந்தால் உன் கடை. என்னைச் சுற்றிலும் ஜனங்கள் அரோகரா சொல்லிக்கொண்டு போக, நான் மட்டும் கிழக்கு எல்லையில் எத்தனை வில்லாளிகள் என்று எண்ணிக்கொண்டு நடந்தேன்.

ஒரு பௌர்ணமியில் உன்னிடம் கொடுத்துவிட்டுக் குபேர லிங்கம்வரை போன பிறகுதான் ஞாபகம் வந்தது. கிழக்கு நகரத்துக்குக் காவல் வைக்கவில்லை! திரும்பி, வருகிற கூட்டத்துக்கு எதிராக நடந்தேன். ஒரு பெரியவர் குச்சியை நீட்டி நிறுத்தினார். "எதிர்ல வராதம்மா. சாமியைச் சுத்துறியா, இல்ல எங்களைச் சுத்துறியா?" இடிபட்டு, வேர்த்து வழிந்து, உன் கடைக்கு வந்து சேர்ந்து, ஒரே ஒரு நகர்த்தல் மாற்றிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். நீ ஜூஸ் பிழிவதை நிறுத்தவே இல்லை.

"போட்டது போட்டதுதான். பயப்படறவளுக்கு ஒரு ஜூஸ் ஃப்ரீ, குடிச்சிட்டுப் போ."

அடுத்த முறையில் அந்த நகரத்தை நீ தொடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

உன் நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லை என்று தெரிந்தது அதற்கு மறு வருஷம். முதலில் மூச்சு வாங்கியது, பிறகு கால் வீங்கியது. வேலூரில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். எப்படி இருக்கிறாய் என்று உன்னைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாயே! அதனால் டப்பா வருவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பா வந்தால் நீ உட்கார்ந்து ஆடியிருக்கிறாய், உட்கார்ந்து ஆடினால் நன்றாக இருக்கிறாய். இதுதான் என் கணக்கு. இதை உன்னிடமே ஒரு நாள் உளறியும் விட்டேன். "ரெண்டு நாள் உன் டர்னு வரலைன்னா எனக்குக் கை கால் ஓடலடி." நீ என் கையைத் தட்டிக்கொடுத்தாய். யார் நோயாளி, யார் தைரியம் சொல்வது பார்.

நீ வேலூருக்குக் கிளம்புவதற்கு முந்தைய திங்கட்கிழமை, சாயங்காலம் நான் என் முறையைப் போட்டு அனுப்பினேன். புதன்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தாய். மூலையில் கம்ப்யூட்டர், அதன்மேல் மடித்த துணிகள் மானிட்டர் மறைய அடுக்கியிருந்தன. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது, அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, இன்று காலைதான் அடுக்கியிருப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நீ தலையணைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாய்.

"போட்டுட்டேன். போய்த் தொறந்து பாரு. உன் கிழக்குப் பக்கம் இன்னா கதி ஆயிருக்குன்னு பாரு. பயம் இன்னும் ஜாஸ்தியாயிடும் உனக்கு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. "டர்னு போட முடியுதில்ல? அப்ப ஒண்ணுமில்லடி உனக்கு," என்று வாய்விட்டே சொன்னேன். நீ ஆமாம் என்று தலையாட்டினாய்.

அதை நான் திறக்கவில்லை. சனிக்கிழமை உனக்கு ஆபரேஷன். எல்லோரும் சாமிக்கு முடிந்து வைத்தார்கள், நான் இதை முடிந்து வைத்தேன். ஆட்டம் என் பக்கம் பாக்கி நின்றால் நீ வந்துதானே தீரவேண்டும்? பைத்தியக்கார வேண்டுதல்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் கட்டிலோரப் போனிலிருந்து சென்டருக்குப் பேசினாய்.

"தொறந்து பாத்தியாடி?"

"பாத்தேன்," என்றேன். வேண்டுதலைச் சொன்னால் பலிக்காது என்று ஒரு பயம். "கிழக்குப் பக்கம் அநியாயம் பண்ணியிருக்க. யோசிச்சிட்டிருக்கேன்."

நீ சிரித்தாய். அந்த மூச்சு முட்டலிலும் நிறுத்தாமல் சிரித்தாய். நடுவில் இருமினாய், மறுபடி சிரித்தாய். "யோசி, யோசி. நிதானமா போடு. நான் வெயிட் பண்றேன்." எதற்கு இத்தனை சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. நிதானமா போடு என்று அதுவரை நீ சொன்னதே இல்லை என்பதும் அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் நீ இல்லை.

காரியம் முடிந்து அண்ணன் என்னிடம் சொன்னார். "கடைசி பத்து நாளா அவளால எழுந்து உக்காரவே முடியலம்மா. உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னுட்டா." தலையாட்டினேன். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நீ உன் முறையை முடித்துவிட்டாய், பாக்கி என் பக்கம். காத்திருப்பதாகச் சொன்ன உன்னைக் காக்க வைத்தே அனுப்பிவிட்டேன். ஏழு வருஷம் இந்த முள் தைத்தபடியே இருந்தது. எத்தனையோ புது ஆட்டங்கள் வந்தன, எல்லாம் முறை வைத்து ஆடுவதுதான், ஒன்று விடாமல் ஆடினேன். எதிலும் கிழக்குப் பக்கத்துக்குத்தான் முதலில் காவல் வைப்பேன். அப்படி என்னதான் செய்து வைத்திருப்பாய் என்று பதினோரு விதமாக யோசித்து வைத்திருக்கிறேன். பதினொன்றிலும் என் நகரம் எரிகிறது.

மணி இரண்டரை ஆனபோது போட்டேன். மெஷின் கர்ர் என்றது, நின்றது, மறுபடி கர்ர் என்றது. திரை கறுத்து, பிறகு தேசப்படத்தின் ஓரம் தெரிந்து, கொடி ஏறியது.

சிவப்பு.

ஏதோ கோளாறு என்று அணைத்துவிட்டு மறுபடி திறந்தேன். சிவப்பேதான். கொடிக்குக் கீழே உன் ரகசியச் சொல்லைக் கேட்டு அந்தச் சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. ஆட்டத்தைப் பதித்த நேரத்தைப் பார்த்தேன். திங்கட்கிழமை, சாயங்காலம் ஆறு நாற்பது. நான் பதித்தது. அதன்பின் யாரும் தொடவில்லை.

நீ போடவே இல்லை. மானிட்டரை மறைத்த அந்தத் துணிகள் நாள் கணக்காக அங்கேயேதான் இருந்திருக்கின்றன. உட்கார முடியாதவள், நான் பதறுவேன் என்று, நான் கொடுத்த டப்பாவையே எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். வீட்டுக்குப் போய்த் திறந்தால் குட்டு உடைந்துவிடும் என்று தெரிந்தேதான் கொடுத்தாய். வெள்ளிக்கிழமை போன் செய்தது அதைக் கேட்கத்தான், இல்லையா? நானோ பார்த்தேன் என்றேன், அநியாயம் பண்ணியிருக்க என்றேன். என் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டு, உன் பொய்யையும் விட்டுக்கொடுக்காமல் சிரித்திருக்கிறாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்று மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. அழுதேன். அழுகையின் நடுவே சிரிப்பும் வந்தது. சாமான்காரர் வாசலில் நின்று, "அம்மா, அப்புறமா வரட்டுமா?" என்று கேட்டார்.

மெஷினைக் கொடுத்துவிட்டேன். கொடுக்குமுன் அந்த ஆட்டத்தை மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்தேன், நான் எடுக்காமல் இருப்பேனா? ஃப்ளாப்பி பழையபடி டப்பாவில். வீட்டுக்கு வந்து காஸை இரண்டு தடவை பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். படபடப்பு போகவில்லை. அது என்னோடு பிறந்தது, போகாது. ஆனால் இத்தனை வருஷம் என் முறை, என் முறை என்று நெஞ்சில் தைத்துக்கொண்டிருந்தது என்னுடையது இல்லை. கிழக்கு நகரம் எரியவில்லை. அந்தத் திங்கட்கிழமை நான் வைத்த இரண்டு காவலாளிகளோடு அங்கேயே நிற்கிறது.

உன் முறைடி. நிதானமா போடு. நான் வெயிட் பண்றேன்.