போகாத நாட்கள்

செங்கல்பட்டு
8-12-1975

அன்புள்ள ஆதியம்மாள் அக்காவுக்கு,

வச்சலா எழுதுகிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு மழையில் நனைந்து வந்தவளுக்குத் துண்டு கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னீர்கள். சூடாகக் காபி கொடுத்தீர்கள். துக்கம் உங்களுக்கு, உபசாரம் எனக்கு. அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். சொல்ல வந்ததையும் சொல்லவில்லை.

இருசப்பன் அண்ணனைக் கடல் கொண்டுபோனதற்கு நான்தான் காரணம். காற்றைப் பார்த்து, எது நல்ல நாள், எது ஆகாத நாள் என்று தானாகக் கண்டுபிடிக்க எங்கள் மெட்ராஸ் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுத்தவள் நான். குப்பத்தில் எல்லோரும் ‘மெட்ராஸ் பெட்டி’ என்பீர்களே, அந்த மூளை நான் செய்தது. நவம்பர் பதினேழாம் தேதி ‘போகலாம்’ என்று அது சொல்லிற்று. மாமல்லபுரம் தபால் ஆபீசுக்குப் போன் செய்தது நான். என் பேச்சை நம்பித்தான் தபால்காரர் மோசஸ் கரைக் கம்பத்தில் வெள்ளைத் துணியை ஏற்றினார்.

ஆபீசில், “கடல்னா அப்படித்தாம்மா, விட்டுத் தள்ளு” என்கிறார்கள். என்னால் தள்ள முடியவில்லை. திட்ட வேண்டுமானால் திட்டி எழுதுங்கள். பதிலே எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

இப்படிக்கு,
வச்சலா

மாமல்லபுரம் குப்பம்
19-12-1975

மரியாதைக்குரிய வச்சலா அம்மாவுக்கு ஆதியம்மாளின் வணக்கம்.

நீங்களும் உங்கள் தாயாரும் சுகமாக இருக்கச் செல்லியம்மனை வேண்டிக்கொண்டேன். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

திட்டச் சொல்கிறீர்கள். யாரைத் திட்டுவது? ஆனி மாசம் கடல் தட்டுத் தண்ணி மாதிரி கிடந்த அன்றைக்குச் சிவப்புத் துணி ஏறியதே, ஞாபகம் இருக்கிறதா? “பெட்டிக்குக் கிறுக்கு புடிச்சிகீது” என்று ஏசிக்கொண்டே பதினோரு பேர் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மதியம் அடித்த காற்றில் உலர்த்திய வலையெல்லாம் ஊருக்குள் பறந்தது. அந்தப் பதினோரு பேரில் என் தம்பி பன்னீர்செல்வமும் ஒருத்தன். இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறவன் அவன்தான். அவனை எனக்கு மிச்சம் வைத்தது உங்கள் பெட்டி. அதை மறந்தால் நான் மனுஷியே இல்லை.

இன்னொன்று. பதினேழாம் தேதி காலையில் என் வீட்டுக்காரர் கட்டுமரத்தைப் பிடித்தபடி யோசித்து நின்றார். “காத்து சரியில்லடி” என்றார். “வெள்ளத் துணி ஏறிக்கீது, இன்னும் இன்னா பாத்துகினு நிக்கிறே? போய்ட்டு வாய்யா” என்று விரட்டியவள் நான். மரம் அலையில் புரண்டது. கூடப் போன இரண்டு பேர் நீந்தி வந்துவிட்டார்கள். நான் விரட்டியதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கும் வாய் வந்தது. அதற்கும் உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும் அம்மா. ஏழு மாசமாகச் சரியாகச் சொன்னது, அன்றைக்கு ஏன் அப்படிச் சொல்லிற்று?

ஆதியம்மாள்

செங்கல்பட்டு
22-1-1976

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இவ்வளவு பெரிய மனசை நான் எங்கே பார்த்திருக்கிறேன்!

ஒரு மாதமாக, கம்ப்யூட்டருக்குப் பாடம் ஏற்றிய துளை போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தேன். கணக்கில் பிசகே இல்லை. அண்ணன் பத்து வருஷமாக எழுதி வந்த நோட்டை வைத்துத்தான் நான் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்கு என்ன காற்று, என்ன சேதம் என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார். அதில் வாடைக்காற்று பலமாக அடித்த நாட்கள் நூற்று நாற்பது. ஒரு நாளில்கூட ஒரு மரத்துக்கும் சேதம் இல்லை. எனவே எல்லாக் காற்றிலும் நல்ல காற்று அதுதான் என்று பெட்டி தீர்மானித்திருக்கிறது. பதினேழாம் தேதி அடித்ததும் அந்தக் காற்றுதான்.

அண்ணன் பொய் எழுதுகிற ஆள் இல்லை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை அக்கா.

வச்சலா

மாமல்லபுரம் குப்பம்
30-1-1976

வச்சலா அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான். “அந்தக் காத்துல எவன்க்கா கடலுக்குப் போவான்? போனாத்தான சேதம்?” என்றான்.

அவ்வளவுதான் அம்மா. வாடை முற்றினால் இங்கே ஒருத்தரும் மரத்தைத் தொட மாட்டார்கள். மரம் கரையில் கிடந்தால் சேதம் எங்கிருந்து வரும்? அவர் உண்மையைத்தான் எழுதினார். போகவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை. ஊருக்கே தெரிந்ததை யாராவது எழுதி வைப்பார்களா? ஏழு மாசம் பெட்டியின் பேச்சைக் கேட்டுப் பழகி, நாங்களும் எங்களுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டோம்.

ஆதியம்மாள்

செங்கல்பட்டு
5-2-1976

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ரயிலில் பிரித்தேன். ஊரப்பாக்கம் தாண்டுகிறவரை அழுதிருக்கிறேன். எதிர் சீட்டு அம்மாள் தண்ணீர் கொடுத்து, “யாரும்மா தவறிட்டாங்க?” என்று கேட்டாள். அண்ணன் என்று சொன்னேன்.

பத்துத் தடவை குப்பத்துக்கு வந்திருப்பேன். உங்கள் கையால் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். வாடை அடித்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நோட்டு போதும் என்று நினைத்துவிட்டேன். படித்த திமிர்தான், வேறென்ன!

வேலையை விடுவதாக எழுதி வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் கொடுத்துவிடுவேன். அட்டைகளை எரித்துவிடப் போகிறேன். நோட்டை ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அது உங்கள் வீட்டில் இருக்க வேண்டியது. என்னை வெறுக்காமல் விட்டதற்கு ஆயுசு முழுக்க நன்றியோடு இருப்பேன்.

வச்சலா

மாமல்லபுரம் குப்பம்
21-2-1976

தங்கச்சி வச்சலாவுக்கு அக்கா எழுதுகிறேன்.

இனிமேல் அம்மா கிம்மா எல்லாம் கிடையாது. ரயிலில் அண்ணன் என்று சொல்லிவிட்டாய், அப்புறம் நீ எனக்கு யார்?

நீ வேலையை விடுகிற சேதி குப்பத்துக்குத் தெரிந்துபோயிற்று. ஆனி மாசத்துப் பதினோரு பேரும் என் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். “தப்பா கத்துகிச்சின்னா சரியா கத்துக் குடுக்கச் சொல்லு. கொளுத்திட்டா வர்ற ஆனிக்கு எங்களுக்கு எவன் சொல்லுவான்?” என்று சண்டைக்கு வருகிறார்கள். ஒழுங்காக ஆபீசுக்குப் போ.

நோட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்து நாளாக ஊரே கூடி உட்கார்ந்தோம். வாடை முற்றிய நாள், சாவு விழுந்த நாள், அம்மனுக்குக் கூழ் ஊற்றிய நாள் என்று ஆளுக்கொன்றாக ஞாபகப்படுத்தினார்கள். கடலுக்குப் போகாத நாளுக்கெல்லாம் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். வீட்டில் சிவப்பு மை இல்லை. என் சிமிழில் குங்குமம் மிச்சம் இருந்தது, இனி எனக்கு எதற்கு? தண்ணீரில் குழைத்து வைத்தேன். கையில் ஒட்டினால் துடைத்துக்கொள்.

கடைசிப் பக்கத்தில் உள்ள ஒரு வரி நான் எழுதியது. நவம்பர் பதினேழு, காற்று வாடை, சேதம் ஒருத்தர். அதையும் பெட்டிக்குச் சொல்லிக் கொடு. வாடையில் போனால் என்ன ஆகும் என்று அவர்தான் அதற்குச் சொல்ல வேண்டும். பாடம் முடிந்ததும் நோட்டை நீயே கொண்டு வா. குழம்பு வைக்கிறேன்.

பக்கத்துக்குப் பக்கம் புள்ளி இருக்கும். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் வைக்கவில்லை, தேடாதே. அன்றைக்குப் போனார்.

உன் அக்கா,
ஆதியம்மாள்