நீ கூப்பிட்ட நேரம்

காலையில் வாங்கிவந்த தோசைக்குக் கொடுத்த சட்னி ஊசிப்போயிருந்தது. வேறு ஏதாவது கிடக்கிறதா என்று ஹாஸ்டல் அலமாரியைத் துழாவினேன். பின்வரிசையில் உன் எள்ளுப்பொடி பாட்டில். திறந்ததும் காறல் வாடை மூக்கில் ஏறியது. மூடியின் மேல் கறுப்பு மார்க்கரில் உன் கோணல் எழுத்து. அரைத்தது என்று ஒரு தேதி, திறந்தது என்று ஒரு தேதி.

அதைக் கொடுத்த அன்று உன்னைக் கேலி செய்தேன். "பொடிக்குப் போய் ரெண்டு தேதியா? ஒனக்குக் கிறுக்கு முத்திப்போச்சுட்டி."

"ஹவ், முத்திடுச்சு," என்று உன் செகந்திராபாத் பேச்சில் ஆமாம் போட்டாய். "எங்கம்மா அரைச்சது ஒரு நாள். நீ திறந்தது ஒரு நாள். கெட்டுப்போனா யாரைத் திட்டணும்னு தெரிய வேணாமா?"

யாரைத் திட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வேலையைப் பற்றி வெளியாட்களிடம் பேசினால் கொட்டாவி விடுவார்கள். ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்கு வரும் அழைப்புகள் ஒவ்வொன்றும் ஒரு பதிவாக மாதாப்பூரில் நம் அலுவலகத்துக்கு வரும். அவற்றைச் சுத்தம் செய்து, கோத்து, மாத அறிக்கையாக்கி அனுப்புவோம். பதிவு ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் அதன்மேல் தேதியும் நேரமும் விழும். அந்தப் படிகளை எழுதியவள் நீ. குழுவில் யாரும் திரும்பிப் பார்க்காத வேலை. "அவங்க கூப்பிட்ட நேரம் அவங்களோடது. நாம தொட்ட நேரம் நம்மளோடது. ஒண்ணை அழிச்சு இன்னொண்ணை எழுதினா அது திருட்டு," என்பாய்.

கூப்பிட்ட நேரத்தை வைத்துத்தான் நீ அதைக் கண்டுபிடித்தாய். மாதாப்பூரின் உயரமான அடுக்குமாடிகளிலிருந்து அழைப்பு வந்தால் வண்டி உடனே கிளம்புகிறது. திருமுல்கேரி பக்கத்துப் பழைய காலனிகளிலிருந்து வந்தால் வண்டி நின்று யோசிக்கிறது. இரு தரப்பும் ஒரே சந்தாதான் கட்டுகிறார்கள். ஆனால் மூச்சுத் திணறுவதற்குக்கூட இந்த ஊரில் நல்ல விலாசம் வேண்டும்.

கார்த்திக் நம் மேலாளர். பொங்கலுக்குத் தமிழர்களை எல்லாம் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு, "நாமெல்லாம் ஒரே ஃபேமிலி" என்று படம் எடுத்துக்கொண்டவன். ஒருநாள் நம் இருவரையும் கூப்பிட்டு, அழைப்பு வந்த நேரத்தின் இடத்தில் வண்டி கிளம்பிய நேரத்தைப் போடச் சொன்னான். அப்படிப் போட்டால் வண்டி எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்பது அறிக்கையில் இருக்காது.

"கிளையண்ட் கேக்குறாங்க. ஒரே ஒரு வரிதாம்மா."

"ஒரு வரிதானே? நீங்களே எழுதிக்குங்க. கைக்கு என்கிட்ட கேக்குறீங்க?" கோபம் வந்தால் உனக்கு 'ஏன்' வராது, உங்கள் ஊர்க் 'கைக்கு'தான் வரும்.

"தமிழ்ப் பொண்ணாச்சேன்னு உரிமையா சொல்றேன்."

"நானும் தமிழ்லதான் சொல்றேன். முடியாது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் அந்தச் சிரிப்பையும் பார்த்தான், உன் முகத்தையும் பார்த்தான். அடுத்த வாரம் உன்னைக் குழுவிலிருந்து எடுத்தார்கள். அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு வரியைக் கார்த்திக்கே எழுதிக்கொண்டான்.

உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அந்த மதியம் பம்பு அடித்தும் மூச்சுத் திணறல் அடங்கவில்லை. உன் அப்பா மூன்று மணி தாண்டியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். உங்கள் காலனிச் சங்கம் சந்தா கட்டியிருந்த அதே நிறுவனம். வண்டி வந்தது நான்கு மணி ஆகப்போகும் நேரத்தில். செகந்திராபாத் ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் நீ போய்விட்டாய். நாலேகாலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே," என்றார் டாக்டர்.

பாதுகாப்புத் துறையில் முப்பது வருடம் நேரம் தவறாமல் வேலைக்குப் போன உன் அப்பா, உன் செருப்புகளைக் கையில் பிடித்தபடி, "முன்னாடியே கூப்பிட்டேன் சார்," என்றார். நான் போனபோது என்னிடமும் அதையே சொன்னார். டீ கொண்டுவந்த கேன்டீன்காரரிடமும் சொன்னார்.

அந்த மாத அறிக்கை தயாரானதும் உன் பதிவைத் தேடினேன். இருந்தது. அழைப்பு வந்த நேரம்: இரவு ஒன்பது மணிக்கு மேல். வண்டி எட்டு நிமிடத்தில் வந்துசேர்ந்தது. சொன்ன நேரத்துக்குள் வண்டி வரும் என்ற வாக்குறுதி காப்பாற்றப்பட்டதன் அடையாளமாகப் பச்சை நிறம்.

முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. நம் சர்வரின் கடிகாரம் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுவது. ஒவ்வொரு பதிவிலும் அந்த ஐந்தரையைக் கூட்டித்தான் நம் நேரமாக்குவோம். அந்த வாரம் பதிவுகளைக் கோக்கும் வேலை சர்வரில் பாதியில் நின்றுபோக, கார்த்திக் அந்த வாரப் பதிவுகள் முழுவதையும் மறுபடி ஓட்டியிருக்கிறான். ஏற்கெனவே கூட்டியதன் மேல் இன்னொரு முறை கூட்டிவிட்டது. இப்படி நடக்கக் கூடாதென்று நீ ஒரு தடுப்பு வைத்திருந்தாய். அதைத் தேவையில்லாத வரி என்று நீக்கியவனும் அவன்தான். மேலே இருப்பவர்கள் இரண்டு நேரங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மட்டுமே பார்ப்பார்கள். கூப்பிட்ட நேரத்தின் இடத்தில் கிளம்பிய நேரம் இருந்ததால் இடைவெளி எட்டே நிமிடம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆக, நீ செத்து ஐந்து மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாய். அதுவும் பறந்து வந்திருக்கிறது.

பஸ் பிடித்துத் திருமுல்கேரியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அறிக்கையின் ஒரு பிரதி உங்கள் சங்கத்துக்கு வரும். அதில் உன் வரியைக் காட்டினேன். உன் அப்பா கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"இதை நான் கேக்குறேன். நீ வாயைத் திறக்காதேம்மா, வேலை போயிடும்."

"போகட்டும் அங்கிள்."

சந்தாதாரர்களின் கூட்டம் ஒரு ஹோட்டல் அறையில் நடந்தது. கார்த்திக் திரையில் பச்சை பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தான். உன் அப்பா எழுந்து, எல்லாருக்கும் புரியும்படி முதலில் ஹிந்தியில் சொன்னார். பிறகு அவனைப் பார்த்துத் தமிழில்.

"தம்பி, என் பொண்ணு சாயங்காலம் நாலேகாலுக்குப் போயிட்டா. உங்க ரிப்போர்ட்ல ராத்திரி ஒம்பது மணிக்கு உங்களுக்கு போன் பண்ணியிருக்கா. என்ன பேசினா?"

"சார், அது... டைம் ஜோன் இஷ்யூ சார். சின்ன மிஸ்டேக்."

"எந்த ஊர் டைம்ல அவ உசிரோட இருக்கா? அந்த ஊரைச் சொல்லுங்க. போய்க் கூட்டிட்டு வரேன்."

அப்போது நான் எழுந்தேன். அலுவலகத்துக்கு முதலில் வந்த மூலக் கோப்புகளில் கூப்பிட்ட நேரம் அழியாமல் இருக்கிறது, சங்கங்கள் எழுதிக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்றேன். கார்த்திக் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் நினைத்து நினைத்து ருசிக்கிறேன்.

எல்லாம் வெளியே வந்தது. காலனி காலனியாக, வண்டி நின்று யோசித்த நேரமெல்லாம். ஆம்புலன்ஸ் நிறுவனம் நம் அலுவலகத்தைக் கை காட்டியது. நம் அலுவலகம் கார்த்திக்கைக் கை காட்டியது. அவன் அட்டைப் பெட்டியோடு லிஃப்டுக்குக் காத்திருந்தபோது எதிரில் நின்று முழுவதும் பார்த்தேன். மறுநாள் என்னையும் அனுப்பிவிட்டார்கள். பரவாயில்லை. ஆம்புலன்ஸ் முதலாளி மட்டும் இன்னும் ஏசி அறையில் இருக்கிறான். உன் அப்பா வழக்குப் போட்டிருக்கிறார். நான் சாட்சி.

நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். மன்னித்து விடு என்று நிச்சயம் சொல்ல மாட்டாய். சொன்னாலும் கேட்க மாட்டேன். எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

இப்போது வேறொரு இடத்தில் வேலை. அங்கும் ஒவ்வொரு பதிவிலும் இரண்டு நேரங்கள் வைக்கிறேன். ஏன் என்று கேட்பவர்களிடம் உன் பொடி பாட்டிலைப் பற்றிச் சொல்கிறேன்.

கார்த்திக் தினமும் போன் செய்கிறான். மெசேஜும் அனுப்புகிறான். "தங்கச்சி, நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம். மேல இருக்கறவங்க சொல்லித்தான் செஞ்சேன்னு கோர்ட்ல ஒரு வார்த்தை சொல்லிடும்மா. அவசரம்."

உன் மார்க்கர் என்னிடம்தான் இருக்கிறது. அலமாரிக் கதவின் உள்பக்கம் கோடு கிழித்து இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறேன். கூப்பிட்ட நேரம், எடுத்த நேரம். முதல் கட்டத்தில் இடம் தீர்ந்துகொண்டு வருகிறது. இதை எழுதும்போதும் போன் அடிக்கிறது. எழுந்து போய் நேரத்தைக் குறித்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது கட்டத்தில் இதுவரை ஒன்றுமே எழுதவில்லை.