கொட்டினால்தான் முளைக்கும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சின்ன அண்ணி எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

"ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு சின்னண்ணன் ஏன் அண்ணி இன்னும் அம்மாவைப் போய்ப் பாக்கல?" என்று போனில் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒருவரோடு வாழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் பதில் பேசாமல் நின்றதை நீ கல்நெஞ்சம் என்று எடுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு என் அழைப்பை நீ எடுக்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன். மின்னஞ்சலில் வந்தாலும் இதைக் கடிதமாகவே படி. வேலை செய்யும் இடத்தில் நின்றுகொண்டு படிக்காதே.

ஏன் என்பதுதான் தெரியாது. என்ன நடந்தது என்பது தெரியும். உன் அண்ணனுக்குக் கண் நோய் எதுவும் வரவில்லை. அவர் தலையில் முடி நட்டுக்கொண்டார்.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். முதலில் எனக்கும் வந்தது.

அவர் வேலை பார்க்கும் டைல்ஸ் கம்பெனிக்குப் புது மேலாளர் வந்திருக்கிறார், நம் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் பெரியவர், அவ்வளவுதான். வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் உன் அண்ணனைக் காட்டி, "இவர் எங்க மியூசியம், எதைக் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்" என்பாராம். அங்கிருக்கும் பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'பளபளா' என்கிறார்கள். புதிதாக வந்த வழுவழுப்பான டைல்ஸுக்கும் அதே பேராம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

முடி நட நாள் குறித்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். எதற்கு இந்த வயதில் என்று கேட்டேன். "காலையில பல் தேய்க்கும்போது கண்ணாடியில எங்க அப்பா நிக்கிறார். அவர் செத்த வயசு எனக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல வந்துடும்" என்றார். இது உண்மையாக இருக்கலாம். விற்பனைப் பிரிவில் வாழ்நாளைக் கழித்த மனிதர் நன்றாக வாக்கியம் அமைப்பார் என்பதும் உண்மை. எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த நாளுக்கு முந்திய நாள்தான் அத்தை பெரியண்ணன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். உன் அண்ணன் ஓடினார், இல்லை என்று சொல்லமாட்டேன். அவசரப் பிரிவு வாசலில் பெரியண்ணனோடு மாலை முழுக்க நின்றார். அத்தைக்கு மயக்க மருந்து கொடுத்திருந்ததால் இவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, ஆபரேஷனை இதயம் தாங்காது, வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலை உன் அண்ணன் எனக்கு முன்னால் குளித்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். போகத்தான் வேண்டுமா என்றேன். "இந்தத் தேதியை விட்டா அந்த டாக்டர் மூணு மாசத்துக்குக் கிடைக்க மாட்டார். லீவும் சொல்லியாச்சு. அம்மா இன்னைக்கும் தூங்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றார்.

அந்த இடம் ஆஸ்பத்திரி மாதிரியும் இல்லை, அழகு நிலையம் மாதிரியும் இல்லை. சுவர் முழுக்க ஆண்களின் தலைகள். இடப்பக்கம் வழுக்கை, வலப்பக்கம் முடி. வலப்பக்கப் படங்களிலெல்லாம் விளக்கு வெளிச்சமும் நன்றாக இருந்தது. டாக்டர் பேனாவால் நெற்றியில் கோடு போட்டார். இவர் இன்னும் கீழே வேண்டும் என்றார். "ஐம்பது வயசு முகத்துக்கு இருபது வயசுக் கோடு போட்டா விக் வெச்ச மாதிரி இருக்கும் சார்" என்று அவர் சொல்ல, உன் அண்ணன் என் பக்கம் திரும்பி, கல்யாணத்தின்போது முடி எதுவரை இருந்தது என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. ஏதோ ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

பின்மண்டையில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுத்து, முன்னால் ஊசிமுனைத் துளைகளில் செருகுகிறார்கள். அங்கிருக்கும் முடி எளிதில் கொட்டாத ரகமாம். பூதக்கண்ணாடி மாட்டிய இரண்டு பெண்கள் நாள் முழுக்க குனிந்த தலை நிமிராமல் அந்த வேர்களைப் பிரித்து அடுக்கினார்கள். நடுவில் சாப்பாடு கொடுத்தார்கள். சாயங்காலம் தலை முழுக்க சிவப்புப் புள்ளிகளோடு வெளியே வந்தார். அனுப்பும்போது அந்தப் பெண்களில் ஒருத்தி என்னிடம், "குழந்தையைப் பாத்துக்கிற மாதிரி பாத்துக்கங்க மேடம்" என்றாள். அவருக்குப் பெருமை.

அப்படியே பார்த்துக்கொண்டேன். படுக்கக் கூடாது, சாய்வு நாற்காலியில் கழுத்துக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்தே தூங்க வேண்டும். குனியக் கூடாது. சொறியக் கூடாது. நட்ட இடம் காயாமல் உப்புநீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக நானும் லீவு போட்டேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என் மேசையில் மாதிரிகள் குவிந்துகிடக்க, நான் வீட்டில் இவர் தலைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் நெற்றி வீங்கியது. வீக்கம் மெல்ல மெல்ல இறங்கிக் கண்ணுக்கு வந்தது. இமை திறக்க முடியவில்லை, யாரோ ஆள் வைத்து அடித்த மாதிரி இருந்தார். இது எல்லாருக்கும் வருவதுதான், தானாக வடிந்துவிடும் என்று முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் பெரியண்ணன் கூப்பிட்டார். அத்தைக்கு நினைவு தெளிந்துவிட்டது, சின்னவன் எங்கே என்று கேட்கிறார் என்றார். உன் அண்ணன் கையால் சைகை காட்டினார், சொல்லாதே என்று. கண்ணில் தொற்று, வேகமாகப் பரவும், பலவீனமானவர்கள் பக்கத்தில் போகக் கூடாது என்று நான் சொன்னேன். நானாகச் சொன்னேன். கிருமிகளோடு பிழைப்பு நடத்துகிறவள் சொன்னதால் யாரும் சந்தேகப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரியண்ணி திரும்பக் கூப்பிட்டு, அத்தை ஒரு விஷயம் சொல்லச் சொன்னதாகச் சொன்னார்: கண்ணைக் கசக்காமல் இருக்க வேண்டுமாம்.

வீக்கம் வடிந்ததும் போகலாம் என்றார் உன் அண்ணன். வடிந்தது. நட்ட இடத்தில் காய்ந்திருந்த பொருக்கு உதிர்ந்ததும் போகலாம் என்றார். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. நுரையை உள்ளங்கையில் எடுத்து ஒற்ற வேண்டும், கப்பில் மொண்டு மெதுவாக ஊற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. தினமும் நான்தான் செய்தேன். அந்தத் தலையை நான் தொட்டே பல வருடங்கள் ஆகியிருந்தன. அதை அவரும் நினைத்தாரா என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எங்களுக்குப் போய்விட்டது.

பொருக்கும் உதிர்ந்தது. இனி தொப்பி போடலாம், வெளியே போகலாம், தலையைத் தொடலாம் என்றார் டாக்டர். அந்த வாரம் பெரியண்ணன் மறுபடி கூப்பிட்டு, "எந்தக் கண் நோய்ம்மா இத்தனை நாள் இருக்கும்? நீயே சொல்லு" என்றார். நான் போனை இவரிடம் கொடுத்துவிட்டேன். "கண் இல்லண்ணா. தலையில ஒரு சின்ன சிகிச்சை. இப்போதைக்கு இதுக்கு மேல கேக்காத" என்றார். அவ்வளவு உண்மை போதும் என்று அவருக்குப் பட்டது. அதிலிருந்து பெரியண்ணன் குரல் மாறிவிட்டது. கோபமே இல்லை. தலை வலிக்கிறதா, சரியாகச் சாப்பிடுகிறானா என்று என்னிடம் மெதுவாக விசாரிக்கிறார். கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நட்ட முடி கொட்டுகிறது. தலையணை உறையில், துண்டில், சட்டைக் காலரில் எல்லாம் குட்டிக் குட்டி முடி. "நீ ஊத்தின தண்ணியிலதான் போச்சு. மெதுவா ஊத்துன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்று என் மேல் பாய்ந்தார். அவர் எதிரிலேயே அந்த இடத்துக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன். அந்தப் பெண் சிரிக்காமல், "எல்லாருக்கும் கொட்டும் சார். வேர் உள்ளேதான் இருக்கு. கொட்டினாத்தான் முளைக்கும். மூணு நாலு மாசத்துல பூனை முடி மாதிரி வரும், முழுசாத் தெரிய ஒரு வருஷம் ஆகும். அன்னைக்கே சொன்னோமே" என்றாள். சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவருக்கு 'ஒரு வருஷம்' கேட்கவில்லை, 'முளைக்கும்' மட்டும் கேட்டிருக்கிறது.

இன்று மறுபடி சொன்னேன், அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறாராம், போய்விட்டு வரலாம் என்று. "இப்போ முன்னைவிடக் கேவலமா இருக்கேன். இந்தத் தலையோட போனா ஆயிரம் கேள்வி வரும். கொஞ்சம் முளைக்கட்டும்" என்றார். அத்தை அதுவரை இருப்பாரா என்றேன். "உனக்கு எப்பவும் கெட்டதுதான் வாயில வரும்" என்று எழுந்து போய்விட்டார்.

பாப்பா, உன் அண்ணன் கெட்டவர் இல்லை என்று நான் எழுதினால் அது உனக்கு ஆறுதல். கெட்டவர் என்று எழுதினால் எனக்கு ஆறுதல். இரண்டையும் எழுதவில்லை. நாளைக்கு நான் அத்தையைப் பார்க்கப் போகிறேன். அவர் வந்தாலும் வராவிட்டாலும் போவேன். யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவேன். இதை அவரிடமும் சொல்லியாகிவிட்டது.

உனக்கு விடுப்பு கிடைக்காது என்பது தெரியும். ஆனாலும் கேட்கிறேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று ஒருவராவது அத்தைக்காகக் கிளம்பி வர வேண்டும். வா. நீ வந்து சேரும்வரை அவர் கண் திறந்திருக்க வேண்டும் என்று, யாரிடமும் எதுவும் வேண்டிப் பழகாத நான் வேண்டிக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி

பி.கு. இதை எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று நடந்ததையும் சேர்த்து அனுப்புகிறேன்.

நான் வண்டிச் சாவியை எடுத்ததும் உன் அண்ணனும் கிளம்பினார். தொப்பி போட்டுக்கொண்டார். பெரியண்ணன் வாசலிலேயே அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். பெரியண்ணி அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அத்தை பாதியாகிவிட்டார். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தொப்பியை எடுக்கச் சொன்னார். எடுத்தார். பக்கத்தில் குனியச் சொல்லி, நெற்றியிலிருந்து பின்னால் ஒருமுறை தடவிக் கொடுத்தார். கையை எடுத்தபோது விரல்களில் முடி ஒட்டியிருந்தது. அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தலையில சிகிச்சைன்னு பெரியவன் சொன்னான். எனக்குத் தெரியக் கூடாதுன்னு எல்லாரும் மறைக்கிறீங்க. அந்த மருந்து குடுத்தா முடியெல்லாம் கொட்டுமாமே. அந்த நோவாடா?"

பெரியண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். நான் உன் அண்ணனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அத்தை சிரித்திருப்பார், இல்லை திட்டியிருப்பார், எதுவாக இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நான் வாயைத் திறந்தேன். உன் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"ஆமாம்மா" என்றார்.

"எனக்கு முந்திக்காதடா" என்றார் அத்தை. "நான் போற வரைக்கும் பொறுத்துக்கோ."

உன் அண்ணன் அழுதார். பொய் அழுகை இல்லை, எனக்கு அது தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன். அத்தை தன் மேல் கிடந்த போர்வையை இரண்டு கையாலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அவர் மடியில் போட்டு, குளிரும், போர்த்திக்கொள் என்றார். அவர் போர்த்திக்கொண்டார்.