ஜகார்த்தாவில் செல்லையா மாமா கழற்றச் சொன்ன இயந்திரம்

கோலா சிலாங்கூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நித்தியாவுக்கு அப்பா எழுதுவது.

விடாத இந்த மழையிலும் நான், அம்மா, தம்பி மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலில் உன் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்கிறாள். போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயெடுத்தால் அம்மா நடுவில் புகுந்து நீ என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறாள், அப்புறம் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. நான் சொல்ல வந்தது ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய விஷயம், அதுதான் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் கிளினிக்கில் சொன்ன பயிற்சியை மட்டும் செய்ய மாட்டேன் என்கிறாள், நீ சொன்னால் கேட்பாள். தம்பி லிங்கேஸ்வரனை ரவாங் தொழிற்சாலையில் நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். மோட்டார் சைக்கிளில் இவ்வளவு தூரம் போய்வருகிறானே என்றுதான் எனக்குக் கவலை, மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தால் அதைப் போட்டுக்கொள்ள வெட்கப்படுகிறான். தஞ்சோங் காராங்கில் அறுவடை முடிந்து புது அரிசி வந்திருக்கிறது, அம்மா அதில் பொங்கல் வைத்த அன்று உன் நினைவு வந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

போன மாதம் வேலை விஷயமாக நான் ஜகார்த்தா போய்வந்தது உனக்குத் தெரியும். போட்டோ பார்த்து உயரமான கட்டடம் அழகாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அங்கே நடந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை, அம்மாவிடமே பாதிதான் சொன்னேன். நம் செம்பனை எண்ணெய் ஆலைக்கு மின்சாரம் கொடுக்கும் டர்பைன் பழசாகிப் போனதால், ஜகார்த்தாவில் ஒரு பட்டறையில் புதுப்பித்து வைத்திருந்த ஒன்றை வாங்க முடிவு செய்தார்கள். நீராவியில் சுற்றுகிற இயந்திரம்தான், ஆனால் அது சுற்றுகிற வேகத்துக்கு ஏதாவது கோளாறு வந்தால் பக்கத்தில் நிற்கிறவன் தப்ப முடியாது. வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட ஃபோர்மன் என்று என்னையும், ஃபிட்டர் என்று செல்லையா மாமாவையும் மேனேஜர் அனுப்பினார். மாமாவை உனக்குத் தெரியாதா, இருபத்தாறு வருடமாக என்னோடு அதே ஆலையில் கிரீஸ் பூசிய கையோடு நிற்கிற மனிதர். பாஸ்போர்ட்டே அதற்காகத்தான் முதல் முதலாக எடுத்தார். விமானம் ஏறும்போது என் கையைப் பிடித்தவர் இறங்குகிறவரை விடவில்லை, ஆனால் இறக்கை அசைவதைப் பார்த்து அது எந்த விதமான மோட்டாரில் நடக்கிறது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

அப்பப்பா, என்ன ஊர் அது. கோலாலம்பூரை நாலைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி பரந்து கிடக்கிறது. கார் நகர்வதே இல்லை, சுற்றிலும் மோட்டார் சைக்கிள் தண்ணீர் மாதிரி வழிந்து போகிறது, ஆனாலும் ஒருவர் முகத்திலும் எரிச்சல் இல்லை, வழி கேட்டால் சிரித்துக்கொண்டே கூட நடந்து வந்து காட்டுகிறார்கள். சாப்பாட்டுக் கடையில் ஒருவர் ஒரே கையில் பதினான்கு தட்டை அடுக்கிக்கொண்டு வந்தார், மாமா எண்ணிப் பார்த்துக் கைதட்டினார். அங்கே பேசுவதும் நம்ம மலாய் மாதிரிதானே என்று தைரியமாகப் பேசப் போய் அங்கேயும் ஒரு கூத்து. கடைக்காரம்மா காசில்லாமல் தேநீர் கொடுத்தார், மாமா சந்தோஷமாக "பெர்ச்சுமாவா?" என்று கேட்டுவிட்டார். நமக்கு அது இலவசம், அவர்களுக்கு அது பிரயோஜனமில்லாதது. அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது, விளக்கம் சொல்லி மூவரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

பட்டறை நடத்துவது ஒரு பெண்மணி, இபு ரத்னா என்று எல்லாரும் மரியாதையாக அழைக்கிறார்கள். அறுபது வயதிருக்கும், தலைத்துணி மேலேயே பாதுகாப்புத் தொப்பி, பட்டறைத் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலையில் டர்பைனை ஓட்டிக் காட்டினார்கள். எனக்குப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. மாமா மட்டும் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இயந்திரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு குனிந்தே நின்றார். நிமிர்ந்து, சுழலும் தண்டைத் தாங்குகிற பின் பக்கத்து பேரிங்கில் ஏதோ டிக் டிக்கென்று தட்டுகிறது, கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். அங்கிருந்த மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு மாதம் பாடுபட்டு முடித்த வேலை அல்லவா. இபு ரத்னா உடனே கழற்றச் சொன்னார். மத்தியானம் முழுக்கக் கழற்றினார்கள், பேரிங் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. அப்புறம் ஒருவர் தேடிப் பார்த்தால், ஏறி நிற்கிற இரும்புப் படியில் ஒரு போல்ட் தளர்ந்து அதுதான் தட்டிக்கொண்டிருந்தது. பதினெட்டு பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள், இரண்டு மூன்று பேர் சிரித்தே விட்டார்கள். எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

மாமா என்ன செய்தார் தெரியுமா நித்தியா. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மலாயில், "என் காது தப்பாகக் கேட்டுவிட்டது, உங்கள் வேலையில் குறையில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒரு சாக்கு இல்லை, சுற்றி வளைத்தல் இல்லை. சொல்லிவிட்டு ஹோட்டலுக்குப் போய்ப் படுக்கவும் இல்லை. மறுநாள் காலையில் எனக்கும் ஒரு ஓவரால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, முதல் நாள் சிரித்தவர்களோடு சேர்ந்து மாலைவரை அதைத் திரும்பப் பூட்டினார். மத்தியானத்துக்குள் ஆளாளுக்கு அவரை, பெரியவர்களை அங்கே மரியாதையாக அழைப்பதுபோல், பாக் செல்லா, பாக் செல்லா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேனேஜருக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் மறுபடியும் ஓட்டினார்கள். சாயங்காலம் எங்களுக்கு விமானம். எல்லாம் சரியாக ஓடியது, கடைசியாக அவசரப் பொத்தானை அமுக்கிக் காட்டினார்கள். அதை அமுக்கினால் நீராவி வருகிற வால்வு பட்டென்று மூடி இயந்திரம் நிற்க வேண்டும். வேகம் காட்டும் ஊசி மளமளவென்று இறங்கியது, எல்லாரும் கைதட்டினார்கள், நான் பேனாவைத் திறந்துவிட்டேன். மாமா மட்டும் கைதட்டவில்லை. மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த தண்டையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் பக்கம் சாய்ந்து, "கணேசு, நிக்கல பாத்தியா. வால்வு முழுசா மூடல. நீராவி கசியுது" என்றார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். உண்மையைத்தான் எழுதுகிறேன். "விட்டுடு லா, முந்தாநாள் பட்டது போதாதா, காகிதத்துல எல்லாம் சரின்னு இருக்கு, கொஞ்ச நேரத்துல தானா நிக்கும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. என் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "ஒரு தடவ தப்பா சொல்லிட்டேன்னு இன்னிக்கு வாய மூடிக்கிட்டா, நாளைக்கு இது பக்கத்துல நிக்கப் போறது நம்ம ராஜு தானேயா" என்றார். ராஜு எங்கள் இயந்திர அறையில் வேலை பார்க்கிறவன், அவனுக்குப் போன தீபாவளிக்குத்தான் இரண்டாவது குழந்தை பிறந்தது.

முன்னால் போய் நின்று கையைத் தூக்கினார். மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டார், மறுபடியுமா பாக் என்றார். இபு ரத்னா மாமாவை நேராகப் பார்த்து, எவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அதற்கு மாமா சொன்ன பதில்தான் எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. "செவ்வாய்க்கிழமையும் இதே மாதிரி நிச்சயமாத்தான் நினைச்சேன், தப்பாப் போச்சு. அதனால என் பேச்ச நம்பாதீங்க, வால்வத் தொறந்து உங்க கண்ணால பாருங்க" என்றார். அவருடைய மலாய் அந்த அம்மாவுக்கு முழுதாகப் புரிந்ததோ இல்லையோ, திறக்கச் சொன்னார். இயந்திரம் ஆறுகிறவரை காத்திருந்து திறந்தார்கள். வால்வு போய் உட்காருகிற இடத்தில் நகத்துணுக்கு அளவு ஒரு இரும்புச் சில்லு சிக்கி, வட்டத்தில் நீளமாக ஒரு கோடு கிழித்திருந்தது. மேஸ்திரி தரையில் குந்தியவர் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் ஆலையில் ஒரு நாள் வேகம் எகிறி, பொத்தானை அமுக்கியும் அது நிற்காமல் போயிருந்தால் என்று நினைத்த மாத்திரத்தில் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டேன். மாமா முகத்தில் வெற்றிபெற்ற சிரிப்பு ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன், இல்லை. மேஸ்திரி பக்கத்தில் தானும் குந்தி, எங்க ஆலையிலும் இப்படி ஒரு தடவை நடந்திருக்கிறது என்று அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். இபு ரத்னா அந்தச் சில்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இயந்திரம் இன்று கிளம்பாது, வால்வுக்கு எல்லாம் புதிதாகப் போட்டு நானே நின்று ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவேன் என்றார். அப்புறம் மாமாவிடம், செவ்வாய்க்கிழமை நீங்கள் மன்னிப்புக் கேட்காமல் போயிருந்தால், இன்று என் ஆட்கள் ஒருவர்கூட ஸ்பேனரைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்றார். எங்களுக்காக விமானத்தை மறுநாளுக்கு மாற்றிக் கொடுத்ததும் அவர்தான்.

இயந்திரம் மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தது. போன வெள்ளிக்கிழமை முதல் தடவையாக ஓட்டினோம். ராஜு பொத்தானை அமுக்கினான், சொன்ன நேரத்துக்குள் அசையாமல் நின்றது. சாயங்காலம் கேன்டீனில் மேனேஜர் எல்லாருக்கும் தேநீரும் கறிபாப்பும் வாங்கி வைத்தார். எழுந்து நின்று பேசினார், பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தான். ரிப்போர்ட்டில் ஃபோர்மன் என்று என் கையெழுத்துதானே இருக்கிறது, கணேஸ்வரனின் கவனத்தால்தான் பெரிய ஆபத்து தப்பியது என்றார். ரிப்போர்ட்டில் நான் பொய் எழுதவில்லை மகளே, ஆய்வு செய்ததில் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது என்றுதான் எழுதியிருந்தேன். கண்டுபிடித்தது யார் என்று எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ என்னை உறுத்தியது. எல்லாரும் கைதட்டினார்கள், செல்லையா மாமாவும் கடைசி மேசையில் உட்கார்ந்து பலமாகத் தட்டினார், அந்தக் கைதட்டலில் கொஞ்சமும் கள்ளமில்லை. அதைப் பார்த்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். "கண்டுபிடிச்சது செல்லையா. சொல்லாதேன்னு கையப் பிடிச்சி இழுத்தது நான்" என்று சொன்னேன். அதோடு நிறுத்தாமல் முதல் நாள் அவர் தவறியதையும், அதை எப்படி ஒத்துக்கொண்டார் என்பதையும், எதையும் விடாமல் சொன்னேன். மேனேஜர் என்னிடம், ரிப்போர்ட்டை மாற்றி எழுதிக் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னார். அப்புறம் மாமாவிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார், ராஜு குனிந்து அவர் காலைத் தொடப் போக, மாமா கறிபாப் கையோடு துள்ளி எழுந்து ஓடினார். வெளியே வந்ததும் என்னைத் திட்டினார். "ஏன்யா உன் மானத்த நீயே வாங்கிக்கிற, யார் கேட்டா இதெல்லாம்" என்றார். யாரும் கேட்கவில்லை, அதனால்தான் சொல்ல வேண்டியிருந்தது என்றேன். மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துகொண்டே, சரி சரி, ரிப்போர்ட்ட ஒழுங்கா எழுது, என் பேர்ல ரெண்டு ல போட மறந்துடாதே என்று சிரித்துவிட்டுப் போனார்.

புது ரிப்போர்ட்டை நேற்று முடித்துவிட்டேன். அதே கையோடு உனக்கும் எழுதுகிறேன். என் அப்பா ஒரு நாளும் பயந்து நான் பார்த்ததில்லை என்று நீ உன் தோழிகளிடம் சொல்லி வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். அதை நீ திருத்திக்கொள்ள வேண்டும் மகளே. பயந்தேன், சட்டையைப் பிடித்து இழுக்கிற அளவுக்குப் பயந்தேன். இப்படி ஒரு மனிதர் இருபத்தாறு வருடமாக எனக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

எந்தக் குறையும் இல்லாமல், பிடித்த வேலையும் நல்ல தூக்கமும் நாலு நல்ல மனிதர்களும் உனக்கு என்றைக்கும் அமைய வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். தம்பி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான். வரும் புதன்கிழமை செல்லையா மாமாவுக்குப் பிறந்தநாள், ஐம்பத்தெட்டு முடிகிறது. மறக்காமல் போன் போட்டுப் பேசு, நான் எழுதியதைச் சொல்லிவிடாதே, கூச்சப்பட்டு போனை வைத்துவிடுவார்.

உன் நலமே நினைக்கும்
அப்பா
கணேஸ்வரன்