பனிமலை பற்றி நான் எழுதிய கட்டுரைகள்

12-6-2006, திங்கள்
தாயில்பட்டிப் பக்கம், பட்டாசு ஆலைகளுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம். ஓவிய டீச்சர் எவாஞ்சலின் ஏழாம் வகுப்பில், "பிடிச்சதை வரைங்க" என்றார். நாற்பத்தொரு பிள்ளைகள்; எண்ணினேன். இருபத்தாறு பேர் பனிமலை வரைந்தார்கள். அடிவாரத்தில் மரவீடு, புகைபோக்கி, வேலி. வெளியே நூற்றிரண்டு டிகிரி வெயில். கட்டுரை கிடைத்துவிட்டது என்று கை துறுதுறுத்தது. ஏன் பனிமலை என்று டீச்சரிடம் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருட நிருபர் அனுபவம் இருந்தால் கேட்கத் தேவையில்லை என்று ஒரு நினைப்பு.

18-6-2006, ஞாயிறு
எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வந்துவிட்டது. 'உலகமயம் விழுங்கிய ஊர்க் கற்பனை'. கேபிள் டி.வி. பார்த்துப் பிள்ளைகள் சொந்த மண்ணை மறந்துவிட்டார்கள் என்று முடித்திருந்தேன். ஐந்து பேர் போனில் பாராட்டினார்கள். அதில் மூன்று பேர் சொந்தக்காரர்கள். என் மனைவி தங்கத்தாய் வாசித்துவிட்டு, "டீச்சர் என்ன சொன்னாக?" என்றாள். அடுத்த போனை எடுக்கப் போனேன்.

26-6-2006
பள்ளிச் செயலாளர் சங்கரலிங்கம் போன்.
"ஒங்க கட்டுரையக் கமிட்டியில வாசிச்சோம் அண்ணாச்சி. வெளிநாட்டுப் படத்தக் காப்பியடிக்க ஒரு டீச்சரா? ஓவிய வகுப்பத் தூக்கியாச்சு. அந்த நேரத்துல கம்ப்யூட்டர்."
டீச்சருக்கு ஜூலையோடு கடைசியாம். எனக்கு நன்றி வேறு சொன்னார்.
நான் எழுதியது என்ன, இவர்கள் வாசித்தது என்ன? — எழுதியதைத்தான் வாசித்திருக்கிறார்கள். அதுதான் தொந்தரவு.

1-7-2006, சனி
எவாஞ்சலின் வீட்டுக்கு வந்தார். அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரு கட்டுப் பட்டாசு லேபிளை மேசையில் வைத்தார். பனிமலை, மரவீடு, வேலி.
"எங்கப்பா வரைஞ்சது. அறுபத்தெட்டுல, ஒரு பிஸ்கட் டப்பா மூடியப் பார்த்து. பனிய அவுக கண்ணால கண்டதில்ல. இந்த லேபிள் இன்னைக்கும் ஓடுது. அச்சுல கழிஞ்ச தாளக் கொண்டாந்துதான் இங்கன அம்புட்டுப் பிள்ளைகளும் நோட்டுக்கு அட்டை போடுதுக. தினம் பார்க்கறத வரைஞ்சுதுக. ஒரு நோட்டயாவது பார்த்தீகளா அண்ணாச்சி?"
பார்க்கவில்லை. தலைகளை எண்ணுவதில் மும்முரமாக இருந்தேன்.
"எனக்கு எங்கனயாவது வேலை கெடைக்கும். அதுகளுக்கு வாரத்துக்கு இந்த ஒரு பீரியட்தான்."
தங்கத்தாய் காபி கொண்டுவந்தாள். அவருக்கு மட்டும்.

9-7-2006
இரண்டாவது கட்டுரை: 'பனிமலையும் எங்கள் பாரம்பரியமே'. 'தவறு என்னுடையது' என்பதைக் கடைசிப் பத்தியில் வைத்தேன். இடமில்லை என்று மதுரை அலுவலகத்தில் அந்தப் பத்தியை வெட்டிவிட்டார்கள். இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியைத்தான் வெட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே அங்கே வைத்தேன்?

24-7-2006
சங்கரலிங்கம் போனை எடுக்கவில்லை. எவாஞ்சலினுக்கு இன்னும் ஏழு நாள்.

29-7-2006
சங்கரலிங்கமே கூப்பிட்டார். லண்டனில் வாழ்த்து அட்டைக் கம்பெனி நடத்தும் நம்மூர்க்காரர் ஒருவர் என் கட்டுரையை இணையத்தில் வாசித்தாராம். பிள்ளைகள் வரைந்த பனிமலை வேண்டுமாம், வருடாவருடம்.
"நம்ம பாரம்பரியமுல்லா அண்ணாச்சி! வாரம் மூணு பீரியட் போட்டாச்சு. டீச்சர இருக்கச் சொல்லியாச்சு."
அப்பாடா என்றேன். அவசரப்பட்டுவிட்டேன்.
"ஒண்ணு மட்டும். பனிமலை தவிர வேற எதயும் வரையக் கூடாதுன்னு சொல்லிருக்கோம். பாரம்பரியம் கெட்டுப் போகும்லா?"
ஒரு கட்டுரையில் வகுப்பை ஒழித்தேன். அடுத்த கட்டுரையில் வகுப்பைக் கொண்டுவந்து பிள்ளைகளை ஒழித்தேன்.

4-9-2006, திங்கள்
பள்ளிக்குப் போனேன். நாற்பத்தொரு தாளிலும் பனிமலை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எவாஞ்சலின் ஒரு தாளைப் புரட்டிக் காட்டினார். பின்பக்கத்தில் தண்ணீர் லாரியைத் துரத்தும் பெண்கள். ஒருத்திக்கு ஒரு காலில் மட்டும் செருப்பு. இன்னொரு தாளில் கம்பெனி பஸ்ஸில் வாய் திறந்து தூங்கும் அம்மா.
"முன்பக்கம் ஆர்டரு. பின்பக்கம் அதுக இஷ்டம்," என்றார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்து, "எழுதிராதீக அண்ணாச்சி."
கை பேனாவில் இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.
சாயங்காலம் மதுரையிலிருந்து கேட்டார்கள், அந்தப் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஏதும் உண்டா என்று.
அன்றைய செய்தியாக ஆனைக்குட்டம் அணையின் நீர்மட்டத்தை அனுப்பிவைத்தேன்.