மரப்பாலத்திலிருந்து விழுந்து இறந்தவரை 'அத்துமீறியவர்' என்று எழுதிய வரியைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரின் மனைவி,
தையற்கடை, பூங்கா தெற்கு வாசல் எதிரில்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பூங்கா மரப்பாலத்திலிருந்து விழுந்து என் கணவர் இறந்தது குறித்த அறிக்கையைத் திருத்துதல், பாலத்தை உடனே மூடுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் முப்பத்தொரு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறு வாரமே, ஞாயிறுதோறும் பூங்காவைச் சுத்தம் செய்யும் ஏழு பேரோடு சேர்ந்துகொண்டார். புதர் வெட்டினார்கள், பெயர்ந்த நடைபாதைக் கற்களைப் பதித்தார்கள், ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார்கள். ஓடைப் பக்கம் யார் போனாலும் எட்ட நின்றே கத்துவார் என்பதால் கூட இருந்தவர்கள் அவருக்கு 'ஹார்ன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் அந்தச் சத்தம் எனக்குத் தொல்லையாகத்தான் இருந்தது.

2. ஓடையின் மேலுள்ள மரப்பாலத்தில் நடுப்பலகைகள் மூன்று உளுத்துப்போனதை மழைக்காலத்துக்கு முன்பே அவர்தான் கண்டார். மூன்று முறை மனு கொடுத்தார். மூன்றிலும் தங்கள் அலுவலக முத்திரை உள்ளது. நகல்களை இணைத்துள்ளேன்.

3. பதில் வராததால், பாலத்தின் இரு முனையிலும் கயிறு கட்டி, சுற்றிப் போகும்படி எழுதிய அட்டையை மாட்டினார். மறுநாள் பூங்கா மேற்பார்வையாளர் வந்து, "யாரைக் கேட்டுக் கட்டினீங்க? இது என்ன உங்க வீட்டு வாசலா? அவுத்துடுங்க" என்றார். இவரும் அவிழ்த்துவிட்டார். ஆளில்லாத சாலையில்கூடச் சிவப்பு விளக்குக்கு நிற்கும் மனிதர் ஐயா அவர்.

4. அன்று மாலை முதல் அட்டைக்குப் பதிலாக அவரே போய் நின்றார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இருட்டும் வரை. மழையில் நனைந்து வந்த ஒரு நாள், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கடிந்துகொண்டேன். "பலகையை மாத்திட்டாங்கன்னா நான் ஏன் போகப்போறேன்?" என்றார்.

5. அவர் அப்படி நிற்கத் தொடங்கிய பத்தொன்பதாம் நாள் காலை, காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டபடி ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒரு செவிலியர், இவர் கத்தியது கேட்காமல் பாலத்தில் ஏறிவிட்டார். இவர் பின்னாலேயே ஓடி அவரைப் பிடித்து அப்பால் தள்ளியபோது பலகை முறிந்தது. அந்தப் பெண்ணுக்கு முழங்கையில் சிராய்ப்பு. இவர் ஓடைக் கற்களில் தலைகுப்புற விழுந்தார். ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தார். அந்த ஆறு நாளும் அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஏழாம் நாள் இறந்துவிட்டார்.

6. மேற்பார்வையாளரின் அறிக்கையோ, "அனுமதியின்றி அத்துமீறி நுழைந்த நபர் தன் கவனக்குறைவால் இறந்தார்" என்கிறது. செவிலியரைப் பற்றி ஒரு வரி இல்லை. யாரும் அவரை விசாரிக்கவும் இல்லை. அவராகவே என் கடைக்கு வந்து எழுதித் தந்த வாக்குமூலத்தை இணைத்துள்ளேன். பணிக்குப் போகும் அவசரத்தில் எழுதியதால் சில எழுத்துகள் தெளிவாக இராது. பொறுத்தருளவும்.

7. மற்ற ஏழு பேரும் இனிப் பூங்காவில் வேலை செய்யக் கூடாதென்று தடை போட்டுள்ளார்கள். பாலம் மட்டும் உடைந்தபடி திறந்தே கிடக்கிறது. இப்போது அங்கே நின்று கத்தவும் ஆளில்லை.

ஆகவே, பாலத்தை இன்றே மூடவும், அந்த ஏழு பேரின் தடையை நீக்கவும், அறிக்கையிலுள்ள அந்த வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுதவும் ஆணையிட வேண்டுகிறேன். இழப்பீடு எதுவும் நான் கேட்கவில்லை.

பதிலை என் முகவரிக்குக் கடிதமாக அனுப்பவும். சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் அலுவலகத்திலிருந்து என் கணவரின் எண்ணுக்கு அழைத்தார்கள். இனிப் பூங்காவில் வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க அவர் நேரில் வர வேண்டுமாம். "அவரு இல்லீங்க" என்றேன். "எப்ப வருவாரு?" என்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டேன்.

அந்த ஒரு வரி தங்கள் கையால் திருந்தும் என நம்பும்,

(கையொப்பம்)
ஓட்டுநரின் மனைவி

இடம்: பூங்கா தெற்கு வாசல்
நாள்: நவம்பர் 17